அட்வான்ஸ் கொடுத்தாயிற்று... வாங்குவதா, விலகுவதா?

வீடோ மனையோ வாங்குகிறவர்களுக்கு மிகக் கடினமான காலம், கிரய ஒப்பந்தம் போட்ட நாளுக்கும் பத்திரப் பதிவுக்கும் நடுவே வரும் இரண்டு மூன்று மாதங்கள்தான். பணத்தில் ஒரு பகுதி போய்விட்டது. சொத்து இன்னும் கைக்கு வரவில்லை. அப்போதுதான் வங்கியின் வழக்கறிஞர் தன் கருத்துரையைக் கொடுக்கிறார். தாய்ப்பத்திரத் தொடரில் ஒரு ஆவணம் விட்டுப்போயிருக்கிறது. அல்லது விற்பவரின் தங்கை கையெழுத்துப் போடவில்லை. அல்லது பட்டாவில் உள்ள உட்பிரிவு எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை. அன்று மாலையிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மேலே போவதா, இத்தோடு நிறுத்திக்கொள்வதா?

பல குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு, கொடுத்துவிட்ட அட்வான்ஸே பதில் சொல்லிவிடுகிறது. "5 லட்சம் கொடுத்திருக்கோமே, அதை எப்படி விட முடியும்?" கூடவே, நகையை அடகு வைத்தாயிற்று, சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாயிற்று, ஆவணியில் முகூர்த்தமும் பார்த்தாயிற்று. தரகர் வேறு, "சார், இதெல்லாம் எல்லாச் சொத்துலயும் இருக்கறதுதான். நீங்க வேண்டாம்னா ரெண்டு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்கிறார். 5 லட்சத்தைக் காப்பாற்றப் போய் 50 லட்சத்தையும் வில்லங்கத்தில் கொண்டுபோய்ப் போடுவது இப்படித்தான் நடக்கிறது. கொடுத்த பணம் திரும்பி வருமா என்பது ஒரு கணக்கு. மீதி 45 லட்சத்தை இந்தச் சொத்தில் போடலாமா என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது கணக்கைப் போடுவதற்கு ஒரு கேள்வி போதும் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து: இந்தக் குறையைத் தீர்க்கும் கையெழுத்து யாருடையது? விற்பவரே போடக்கூடியது என்றால் காத்திருக்கலாம். மூன்றாவது மனிதர் போட வேண்டியது என்றால், அவர் நேரில் வந்து போடும்வரை ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு தரக்கூடாது. அப்படிக் கையெழுத்துப் போட யாருமே இல்லாத குறை என்றால், விலகிவிடுவதே நல்லது.

தங்கையின் கையெழுத்து

தமிழ்நாட்டில் கிரயங்கள் சிக்கிக்கொள்ளும் இடங்களில் முக்கியமானது இது. ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பழைய வீடு. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துபோனார். அண்ணன், தம்பி இருவரும் விற்கிறார்கள். பட்டாவும் அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது. கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி திருச்சியில் இருக்கிறாள். அவளைப் பற்றிக் கேட்டால், "அவளுக்குக் கல்யாணத்துக்கே செஞ்சாச்சு தம்பி. கையெழுத்துதானே, அதை நான் பாத்துக்கறேன்" என்கிறார் அண்ணன்.

அவர் பார்த்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே, உயிலில்லாமல் இறந்த தந்தையின் சுயார்ஜிதச் சொத்தில் மகனுக்கு என்ன பங்கோ அதே பங்கு மகளுக்கும் உண்டு. கல்யாணம் ஆனதும் சீர் செய்ததும் அந்தப் பங்கைக் குறைக்காது. பூர்வீகச் சொத்து என்றால், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே, அதுவரை மணமாகாத பெண்களுக்குச் சம உரிமை தந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல், மத்திய சட்டத் திருத்தத்தின் வழியாக, நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் அந்த உரிமை வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளையும் கிரயங்களையும் மட்டும் அந்தத் திருத்தம் தொடாது.

அண்ணனும் தம்பியும் மட்டும் கையெழுத்துப் போட்டால், வாங்குகிறவருக்குப் போவது அவர்கள் இருவரின் பங்கு மட்டுமே. பத்திரத்தில் முழு வீடும் எழுதியிருக்கும்; பணமும் முழு வீட்டுக்குப் போயிருக்கும். நாளைக்குத் தங்கை பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், வாங்கினவரும் அதில் ஒரு பிரதிவாதி. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவைப் படித்தால் நிலைமை இன்னும் மோசம். பிரிக்கப்படாத குடும்பம் வசிக்கும் வீட்டில் ஒருவரின் பங்கை வெளியாள் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. பங்கு இருக்கும், உள்ளே போய்க் குடியிருக்க முடியாது.

தரகர் பேச்சிலும் விற்பவர் பேச்சிலும், கையெழுத்துப் போடாத தங்கைதான் எப்போதும் வில்லி. "அவ ஒருத்திதான் முரண்டு பிடிக்கிறா" என்பார்கள். அவள் தன் சொத்தைப் பற்றிப் பேசுகிறாள் என்று யாரும் சொல்வதில்லை. வாங்குகிறவர்கள் இந்தப் பேச்சை நம்பி அண்ணனோடு சேர்ந்துகொள்வது அநியாயம்; தங்களுக்கே கேடும்கூட. திருச்சிக்கு ஒரு பஸ் டிக்கெட் அதிகச் செலவில்லை. நேரில் போய், "உங்களுக்குச் சேர வேண்டியது வந்துவிட்டதா, சம்மதம்தானா?" என்று கேட்டுவிடலாம். சம்மதம் என்றால், கிரயப் பத்திரத்தில் அவரும் ஒரு விற்பனையாளராகச் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அல்லது தன் பங்குக்கு விடுதலைப் பத்திரம் எழுதி முன்னதாகவே பதிவு செய்துவிட வேண்டும். வெள்ளைத் தாளில் வாங்கிவந்த சம்மதக் கடிதத்தால் பங்கு கைமாறாது. சம்மதம் இல்லை என்றால், குறித்த முகூர்த்தத்தை மறந்துவிடலாம்.

இதே வகையில் இன்னும் சில உண்டு. சொத்தில் ஒரு மைனருக்குத் தனியாகப் பங்கு வந்திருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் தாயோ தந்தையோ விற்ற விற்பனையை, அந்தப் பிள்ளை 18 வயது நிரம்பிய பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தை, இருபது வருடம் கழித்து நீதிமன்றத்துக்கு வரும். பவர் பத்திரம் வைத்து விற்பவர் என்றால், பவர் கொடுத்தவரிடமே பேச வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால், விதிவிலக்கான சில பவர்கள் தவிர மற்றவை அன்றோடு முடிந்தன. பவர் பத்திரமும் விற்பனை ஒப்பந்தமும் சேர்ந்தாலும் அது கிரயம் ஆகாது என்று 2011-இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியும், அப்படிப்பட்ட கைமாற்றங்கள் தாய்ப்பத்திரத் தொடர்களில் இன்னும் தென்படுகின்றன.

எந்தக் கையெழுத்தும் தீர்க்காத குறைகள்

நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், கோயில் நிலம், பஞ்சமி நிலம். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் ஏரி, குளம், வாய்க்கால் என்று ஒரு வார்த்தை இருந்தால் போதும். அங்கே வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் எந்தப் பாதுகாப்பும் தராது. கோயில் நிலத்தை, அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு கேட்கும் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது.

பஞ்சமி நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்காக 1892 முதல் ஆங்கிலேய அரசு ஒதுக்கிய நிலங்கள் இவை. மற்றவர்களுக்குக் கைமாற்றக் கூடாது என்பது ஒதுக்கியபோதே போட்ட நிபந்தனை. நூறாண்டில் பல கை மாறி, மனைப்பிரிவாகி, இன்று கவர்ச்சியான பெயரோடு விற்பனைக்கு வரலாம். அதை வாங்கினால் பணம் போகும் அபாயம் உண்டு என்பது ஒரு காரணம். நிலமில்லாதவர்களுக்கென்று ஒதுக்கிய மண்ணைப் பறித்த சங்கிலியில் நாமும் ஒரு கண்ணியாகக் கூடாது என்பது அதைவிடப் பெரிய காரணம். முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று எழுந்து வரவேண்டிய இடம் இது.

"பத்திரப் பதிவே ஆகிடும் சார், அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பவர்கள் உண்டு. பதிவுத் துறை, விற்பவருக்கு உரிமை இருக்கிறது என்று உத்தரவாதம் தருவதில்லை. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு கொண்டுவந்த 55-ஏ விதியின் முதல் உட்பிரிவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. விற்பவருக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஆகவே, பதிவு ஆவதை வைத்துச் சொத்து சுத்தம் என்று எண்ணிவிட முடியாது. கொச்சி அருகே மரடுவில் கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டிய அடுக்குமாடிகளை 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்களே, அங்கே குடியிருந்தவர்களும் பத்திரம் பதிந்து, வரி கட்டி வந்தவர்கள்தான்.

வில்லங்கச் சான்றும் அப்படியே. நீங்கள் கேட்ட காலத்துக்கு, நீங்கள் கொடுத்த சர்வே எண்ணில், பதிவான ஆவணங்களை மட்டும் அது காட்டும். பதிவாகாத உயிலோ, விட்டுப்போன வாரிசோ அதில் தெரிய மாட்டார்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் தெரியாது. விற்பவர் பெயரையும் அவர் தந்தை பெயரையும் மாவட்ட நீதிமன்றங்களின் இணையதளத்தில் தட்டிப் பார்க்க ஒரு மணி நேரம் ஆகும். அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். வழக்கு நடக்கும்போது வாங்கினால், அதில் வரும் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும்.

காத்திருந்தால் தீரும் குறைகள்

விற்பவர் வங்கியில் வைத்திருக்கும் அடமானம், மாறாத பட்டா, செய்யாத உட்பிரிவு, பத்திரத்தில் எழுத்துப்பிழை, அளவில் சிறு வேறுபாடு இவையெல்லாம் மிரள வேண்டியவை இல்லை. பிழைக்குத் திருத்தப் பத்திரம் போடலாம். பட்டாவுக்கு மனு கொடுத்து நில அளவையரை வரவழைக்கலாம். கடன் இருந்தால், "கொஞ்சம் பணம் குடுங்க, அடைச்சுட்டுப் பத்திரத்தை எடுத்துட்டு வரேன்" என்பதற்கு மட்டும் உடன்படாதீர்கள். பாக்கி எவ்வளவு என்று வங்கியிடமே கடிதம் வாங்கி, அந்த வங்கியின் பெயரிலேயே டிராஃப்ட் எடுத்துக் கட்டுங்கள்.

அங்கீகாரம் இல்லாத மனை என்பது இடைப்பட்ட நிலை. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் இத்தகைய மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. அதன்படி வரன்முறை ஆணை ஏற்கெனவே கையில் இருந்தால் பேச்சைத் தொடரலாம். "வாங்கிடுங்க, அப்புறம் பண்ணிக்கலாம்" என்றால் வேண்டாம்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால், எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஒரு துணை ஒப்பந்தம், அதில் ஒரு தேதி, அந்தத் தேதிக்குள் குறை தீராவிட்டால் முன்பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்பும் என்று ஒரு வரி. இதற்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிற விற்பவர், தன்னால் அந்தக் குறையைத் தீர்க்க முடியாது என்பதை உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விலகினால் பணம் வருமா?

ஏன் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. சட்டம் இங்கே வாங்குகிறவருக்கு அனுசரணையாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தனக்குத் தெரிந்த குறையை விற்பவர் மறைக்கக் கூடாது, கேட்கும் ஆவணங்களைக் காட்ட வேண்டும் என்கிறது. தகுந்த காரணத்தோடு வாங்க மறுப்பவருக்கு, கொடுத்த பணத்துக்காக அந்தச் சொத்தின் மீதே ஒரு பொறுப்புரிமை தருகிறது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாத உரிமையைத் தர முடியாத விற்பனையாளர், "வாங்கியே தீர வேண்டும்" என்று வாங்குகிறவரை நீதிமன்றத்தின் மூலம் கட்டாயப்படுத்த முடியாது. வழக்கோடு வரும் சொத்தை வாங்கும்படி சட்டம் யாரையும் வற்புறுத்துவதில்லை.

சொத்தில் குறையே இல்லாமல், மனம் மாறி விலகினால் நிலைமை தலைகீழ். கடன் கிடைக்கவில்லை என்பதுகூட விற்பவரின் தவறு ஆகாது. வங்கி கைவிரித்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவிர, அந்த இழப்பு வாங்குகிறவர் தலையில்தான். பலர் இதைத் தெரிந்துகொள்வது நோட்டீஸ் வந்த பிறகுதான். ஆகவே வங்கி மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கிவையுங்கள். வருமானம் போதாது என்று மறுத்தார்களா, சொத்தின் உரிமையில் குறை என்று மறுத்தார்களா என்பதில் முன்பணத்தின் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது.

ஒப்பந்தத்தில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் நிறைவேறுவதற்கான பிணையாகக் கொடுத்த தொகையைத்தான் பறிமுதல் செய்யலாம், விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்ததைப் பறிக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் காட்டும் வேறுபாடு. 2025 மே மாதம் வந்த ஒரு தீர்ப்பு இதில் பாடமாகப் படிக்க வேண்டியது. கர்நாடகத்திலிருந்து போன வழக்கு. 55.5 லட்ச ரூபாய்ச் சொத்துக்கு 20 லட்சம் முன்பணம். மீதியைக் குறித்த காலத்தில் வாங்குகிறவர் கட்டவில்லை. ஒப்பந்தத்தில் பறிமுதல் விதி இருந்தது. சொத்தை எழுதித்தரச் சொல்லி வழக்குப் போட்டவர், அது கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர உத்தரவிடுங்கள் என்று மனுவில் கேட்கவில்லை. 20 லட்சமும் போயிற்று. அந்த மாற்றுக் கோரிக்கையை வாதி தானே கேட்டிருக்க வேண்டும் என்பது குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு.

ரொக்கமாகக் கொடுத்த பணம் இன்னொரு வேதனை. வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் இடையில் உள்ள தொகையைக் கணக்கில் காட்டாமல் கைமாற்றும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிப்போயிருக்கிறது. ஆனால் சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரசீது இல்லாத ரொக்கத்தை, விலகும் நாளில் எப்படிக் கேட்பது? கெட்ட சொத்தை விடவும் முடியாமல் வாங்கவும் முடியாமல் தவிப்பவர்களைக் கட்டிப்போட்டிருப்பது, பல நேரம் இந்தக் கணக்கில் வராத பணம்தான்.

கட்டுமான நிறுவனத்திடம் வாங்கும் ஃபிளாட் என்றால் ரெரா சட்டம் இருக்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் நிறுவனம் வாங்கக் கூடாது. சொன்ன தேதியில் வீட்டைத் தராவிட்டால், 18-ஆவது பிரிவின்படி விலகி, பணத்தை வட்டியோடு கேட்கலாம். விலக விருப்பமில்லை என்றால் தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி கேட்கலாம். நிறுவனம் என்ன காரணம் சொன்னாலும் திரும்பப் பெறும் இந்த உரிமை நிபந்தனையற்றது என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. உத்தரவு வாங்குவது ஒரு பாதி, வசூலாவது மறுபாதி. அந்த நிறுவனத்தின் மற்றத் திட்டங்களும் நின்றுகிடந்தால், நாளைக் கடத்தாமல் மனுப் போடுவது நல்லது.

விலகுவதென்று முடிவானால்

முதலில் ஒரு வழக்கறிஞர் மூலம், இன்ன குறை, இந்தத் தேதிக்குள் தீர்க்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், முன்பணம் திரும்ப வேண்டும் என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ். வாட்ஸ்அப்பில் கோபமாக எழுதிய நாலு வரி நோட்டீஸ் ஆகாது. "எனக்கு இந்தச் சொத்தே வேண்டாம்" என்று அதில் எழுதிவிட்டால், பிறகு அதுவே உங்களுக்கு எதிராக நிற்கக்கூடும்.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்திருந்தீர்களா என்பது இந்தக் கட்டத்தில்தான் பயன் தரும். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவாகியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும். இருவரும் வந்து ரத்து ஆவணம் பதியும்வரை, அடுத்து வருகிற எவரும் அதைப் பார்த்துத் தயங்குவார்கள். விற்பவர் உங்களைத் தேடி வருவதற்கு அந்த ஒரு பதிவே போதும். பதியாத ஒப்பந்தம் என்றாலும் முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அத்தகைய வழக்குக்கு மூன்று ஆண்டுதான் கெடு.

"நீங்க ரத்துல கையெழுத்துப் போடுங்க, வித்ததும் தந்துடறேன்" என்பதை ஏற்காதீர்கள். பின்தேதியிட்ட காசோலையும் வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்து டிராஃப்ட்டை வாங்கிக்கொண்டோ, பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துக்கொண்டோ கையெழுத்திடுங்கள். அந்த டிராஃப்ட் எண்ணையோ பரிமாற்ற எண்ணையோ ரத்து ஆவணத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்து என்று 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டியிருந்தால், அது விற்பவரின் கணக்கில் போய் நிற்கும். திரும்பும் தொகையில் அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கடன் அனுமதியை வங்கியில் எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். சில நாள் கழித்து ஒரு வில்லங்கச் சான்று போட்டு, ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அந்தக் கோப்பை மூடலாம்.